சூறாவளி ஞாபகம் இருக்கு, மத்தியானச் சாப்பாடு ஞாபகமில்லை

வன்னியில் எழுபத்தைந்து வயதை ஒட்டிய ஒருவரிடம் 1964 மார்கழிச் சூறாவளியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். எந்த வீட்டுக் கூரை எங்கே போய் விழுந்தது, எத்தனை மாடு செத்தது, அடுத்த நாள் யார் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள் என்று வரிசையாகச் சொல்லுவார். அதே ஆளிடம் "மத்தியானம் என்ன கறி?" என்று கேளுங்கள். பெரும்பாலானோர் சொல்லிவிடுவார்கள். சிலர் ஒரு கணம் திகைத்து, "எப்பவும் சமைக்கிறதுதான் பிள்ளை" என்று சிரித்துச் சமாளிப்பார்கள். இன்னும் சிலர் "ஆர் எனக்குச் சோறு தந்தது?" என்று கோபிப்பார்கள். சாப்பிட்ட கோப்பை அப்போதுதான் கழுவிக் கவிழ்த்திருக்கும்.

வீட்டில் இதற்கு இரண்டு பதில் தயாராக இருக்கும். "வயசு போனால் அறளை பெயரிறதுதானே" என்பது ஒன்று. "பட்ட பாடு கொஞ்சமே, எல்லாம் யோசனைதான்" என்பது மற்றது. இரண்டும் முழுப் பொய்யில்லை. ஆனால் இரண்டும் சேர்ந்து ஒரு வருத்தத்தை ஆண்டுக்கணக்கில் மூடி மறைத்துவிடுகின்றன. அல்சைமர் நோயின் தொடக்கம் வெறும் மறதி அல்ல. அதற்கென்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. கிட்டத்து ஞாபகம் முதலில் போகும், தூரத்து ஞாபகம் நிற்கும். பழைய பாதை தெரியும், புதிய பாதை பிடிபடாது. கை செய்கிற வேலை பிழைக்காது, செய்து முடித்தது நினைவில் நில்லாது. ஏன் இப்படி என்பதற்கான விடை, மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளும் முறையில் இருக்கிறது.

முதலில் ஞாபகம் எப்படிப் பதிகிறது என்று பார்த்துவிடுவோம். அந்த மத்தியானச் சாப்பாட்டையே எடுத்துக்கொள்ளலாம். குழம்பின் வாசம் மூளையின் ஒரு பகுதியில் பதிகிறது. பரிமாறிய மகளின் முகம் இன்னொரு பகுதியில். வெளியே போன லான்ட்மாஸ்டரின் சத்தம் வேறொன்றில். இவை எல்லாம் ஒரே வேளையில் நடந்தவை என்று பிணைத்து வைக்கிற வேலையைச் செய்வது ஹிப்போகாம்பஸ். மூளையின் இரு பக்கமும், காதுக்கு நேர் உட்புறமாக, ஆழத்தில் கிடக்கிற சிறு பகுதி அது. அதற்குள் தகவல் போவதும் வருவதும் பெரும்பாலும் அதை ஒட்டியுள்ள என்டோரைனல் புறணி வழியாகத்தான். புறணி என்பது மூளையின் வெளி அடுக்கு.

இது 1953இல் ஒரு மனிதருக்கு நேர்ந்ததால் உலகத்துக்குத் தெரியவந்தது. அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு வலிப்பை நிறுத்துவதற்காக இரு பக்க ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியையும் சுற்றியுள்ள பகுதிகளையும் சத்திரசிகிச்சையில் அகற்றினார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பிறகு நடந்த எதுவும் அவருக்குப் பதியவில்லை. பல ஆண்டுகள் அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர், ஒவ்வொரு முறையும் புது ஆளாகத்தான் அவருக்குத் தெரிந்தார். சிறுவயது ஞாபகங்கள் இருந்தன. இன்னொன்றும் இருந்தது: கண்ணாடியில் பார்த்தபடி படம் வரைகிற பயிற்சியில் நாளுக்கு நாள் கை தேறியது. பயிற்சி செய்ததே நினைவில்லை, கைக்கு மட்டும் பழக்கம் வந்துவிட்டது. ஆச்சி காலையில் பின்னி அடுக்கிய கிடுகைப் பார்த்து "இது ஆர் பின்னினது?" என்று கேட்டுவிட்டு, அடுத்த ஓலையை ஒரு இழை பிசகாமல் பின்னுவதன் காரணமும் இதுதான். கைப்பழக்கத்தை வைத்திருக்கிற பகுதிகள் வேறு, நடந்ததைப் பதிகிற பகுதிகள் வேறு.

பழைய ஞாபகம் ஏன் நிற்கிறது? ஒரு நிகழ்வைத் திரும்பத் திரும்ப நினைக்க, சொல்ல, கனவில் காண, அதன் துண்டுகளுக்கு இடையே புறணியிலேயே நேரடித் தொடர்புகள் உறுதிப்படுகின்றன. ஹிப்போகாம்பஸின் தயவு மெல்ல மெல்லக் குறைகிறது. சூறாவளிக் கதையை ஆச்சி அறுபது வருடமாகச் சொல்லி வருகிறார். மத்தியானக் கறிக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை.

ஜெர்மனியில் அலோயிஸ் அல்சைமர் 1906இல் முதன்முதலாக இந்த நோயை விவரித்தபோது, இறந்த நோயாளியின் மூளையில் இரண்டு விதமான படிவுகளைக் கண்டார். உயிரணுக்களுக்கு வெளியே கட்டிகட்டியாகப் படிந்தது ஒன்று; அது அமிலாய்டு பீட்டா என்று பின்னாளில் தெரிந்தது. உயிரணுக்களுக்குள்ளே முறுகிக் கிடந்த நார் மற்றது. அது டௌ என்ற புரதம். 1991இல் ஹைக்கோ பிராக், ஏவா பிராக் தம்பதியர் ஏராளமான மூளைகளைச் சீவிப் பார்த்து, டௌ எந்த வரிசையில் பரவுகிறது என்று படிநிலை வகுத்தார்கள். அது தொடங்குகிற இடம் என்டோரைனல் புறணியும் அதன் விளிம்பும். பிறகு ஹிப்போகாம்பஸ். அதற்குப் பிறகுதான் மற்றப் புறணிகள். புதிதாகப் பதிகிற வழியின் வாயிலேயே நோய் உட்காருவதால்தான் நேற்றும் இன்றும் முதலில் போகின்றன.

இதோடு கதை முடிந்தால் எளிதாக இருந்திருக்கும். முடியவில்லை. டௌ தொடங்குகிற இடம் ஒன்று, அமிலாய்டு முதலில் சேர்கிற இடம் வேறொன்று. இந்தக் குழப்பத்துக்கு விளக்கம் வந்தது எதிர்பாராத பக்கத்திலிருந்து.

2001இல் சென் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கஸ் ரெய்க்கலும் கூட்டாளிகளும் ஒரு விசித்திரத்தைப் பற்றி எழுதினார்கள். ஸ்கானருக்குள் படுத்திருப்பவருக்கு ஒரு வேலையைக் கொடுத்தால் மூளையின் சில பகுதிகளில் இயக்கம் கூடும், அது தெரிந்ததே. ஆனால் வேறு சில பகுதிகளில் இயக்கம் குறைகிறது. வேலை முடிந்து சும்மா படுத்ததும் அவை மறுபடி எழுகின்றன. நெற்றிக்குப் பின்னால் நடுக்கோட்டை ஒட்டிய பகுதி, உச்சிக்குப் பின்புறம் உட்பக்கமாக இருக்கும் பிரிகியூனியஸ், அதை ஒட்டிய பின் சிங்குலேட், காதுக்கு மேலே பின்பக்கம் ஒன்று. இவை ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகின்றன. இதற்கு இயல்புநிலை வலையமைப்பு என்று சொல்லலாம். நாம் சும்மா இருக்கிறோம் என்று நினைக்கிற நேரத்தில் இது வேலை செய்கிறது: போனதை நினைப்பது, வரப்போவதை எண்ணுவது, மற்றவர் மனதில் என்ன என்று ஊகிப்பது. பின்னேரம் மாமரத்தடியில் சாய்மனைக் கதிரையில் கிடந்து யோசிக்கிற மனிதரின் மூளையில் ஓடிக்கொண்டிருப்பது இதுதான். ஹிப்போகாம்பஸும் இந்த வலையமைப்போடு நெருக்கமாகப் பேசிக்கொள்கிறது.

மூளையின் எடை உடலில் ஏறத்தாழ 2 வீதம்தான். ஆனால் உடல் எரிக்கிற சக்தியில் 20 வீதம் வரை அது எடுத்துக்கொள்கிறது, நாம் சும்மா இருக்கும்போதும்.

2004இல் மைக்கல் கிரைசியஸ் குழுவினர், அல்சைமர் தொடக்கநிலையில் உள்ளவர்களின் மூளையில் இந்த வலையமைப்பின் ஒத்தியக்கம் தளர்ந்திருப்பதைக் காட்டினார்கள். குறிப்பாகப் பின் சிங்குலேட்டும் ஹிப்போகாம்பஸும் ஒன்றோடொன்று ஒத்து இயங்குவது குறைந்திருந்தது. அடுத்த ஆண்டு ரண்டி பக்னர் குழுவினர், அமிலாய்டு சேர்ந்திருக்கும் இடங்களின் படத்தையும் இந்த வலையமைப்பின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது இரண்டும் வியக்கத்தக்க அளவு பொருந்தின. அமிலாய்டு கண்ட இடத்தில் விழவில்லை. அதிகம் வேலை செய்கிற, அதிகம் தொடர்புள்ள இடங்களைத் தேடி விழுந்திருக்கிறது.

ஏன் என்று விளங்க மாங்குளம் சந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏ-9 வீதி அதனூடே போகிறது. கிழக்கே ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு, மேற்கே துணுக்காய், மல்லாவி. ஊர் பெரிதில்லை. ஆனால் அந்தச் சந்தி அடைபட்டால் மல்லாவிக்காரரும் முள்ளியவளைக்காரரும் ஒன்றாகச் சிக்கிக்கொள்வார்கள். ஒரு ஒழுங்கை அடைபட்டால் அந்த ஒழுங்கைக்காரருக்கு மட்டும்தான் கரைச்சல். மூளையிலும் சில இடங்கள் இப்படிச் சந்திகளாக இருக்கின்றன. பின் சிங்குலேட்டும் பிரிகியூனியஸும் அவற்றில் முக்கியமானவை. ஓய்வில்லாமல் போக்குவரத்து நடக்கிற இடம் என்பதால் தேய்மானமும் அங்கேதான் முதலில். சந்தி பழுதானதும் செய்தி சுற்றுவழியில் போகிறது. போய்ச் சேரும், ஆனால் நேரமெடுக்கும், வழியில் கொஞ்சம் தொலையும். தெரிந்த பெயர் நாக்கு நுனியில் நின்று, அரைமணித்தியாலம் கழித்து வேறெதையோ செய்யும்போது வந்து விழுவது எல்லாருக்கும் நடப்பது. அல்சைமரில் அது பெயரோடு நிற்காமல் நேற்றைய நாள் முழுவதையும் பிடித்துக்கொள்கிறது.

நரம்பணுக்கள் சந்தித்துப் பேசிக்கொள்ளும் இணைப்புகள் இந்த நோயில் அணுக்கள் சாவதற்கு முன்பே தொலைகின்றன. 1991இல் ரொபர்ட் டெரி குழுவினர் எண்ணிப் பார்த்தபோது, ஒருவரின் அறிவாற்றல் எவ்வளவு குறைந்தது என்பதோடு மிக நெருங்கிப் பொருந்தியது இணைப்புகளின் இழப்புத்தான். படிவுகளின் எண்ணிக்கை அவ்வளவு பொருந்தவில்லை. மூளை சுருங்கியது ஸ்கானில் தெரியும் முன்பே ஆள் தடுமாறத் தொடங்குவது இதனால்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. எனக்கு இந்த நோயில் மிகவும் ஈர்ப்பான பகுதியும் அதுவே. தொடக்கத்தில் ஹிப்போகாம்பஸ் சோர்ந்து போவதில்லை. அளவுக்கு மேல் துள்ளுகிறது. இலேசான ஞாபகக் குறைபாடு உள்ளவர்களைச் செயற்பாட்டு ஸ்கானில் பார்த்தால், ஆரோக்கியமானவர்களைவிட அவர்களின் ஹிப்போகாம்பஸ் கூடுதலாக இயங்குகிறது. பழுதை ஈடுகட்ட மூளை கூடப் பாடுபடுகிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். கேட்க நல்ல விளக்கம். ஆனால் 2012இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், வலிப்புக்குக் கொடுக்கிற லெவெடிரசெட்டம் மருந்தைச் சிறிய அளவில் கொடுத்து இந்தத் துள்ளலைக் குறைத்துப் பார்த்தார்கள். ஈடுகட்டல் என்றால் ஞாபகம் இன்னும் மோசமாகியிருக்க வேண்டும். மாறாக, பரிசோதனையில் ஞாபகம் சற்றுத் தேறியது. அப்படியானால் அந்தத் துள்ளலே நோயின் ஒரு பகுதி. நரம்பணுக்கள் கூடுதலாக இயங்கும்போது கூடுதலான அமிலாய்டை வெளிவிடுகின்றன. அமிலாய்டு சேர்ந்த இடத்தில் அணுக்கள் இன்னும் கட்டுக்கடங்காமல் இயங்குகின்றன. ஒன்றை ஒன்று ஊதிவிடுகிற வட்டம். அந்த மருந்து அல்சைமருக்கான சிகிச்சையாக நிலைபெறவில்லை, யாரும் ஓடிப்போய் வாங்கிவிட வேண்டாம். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். தொடக்கநிலையில் சிலருக்கு வெளியே பெரிதாகத் தெரியாத வலிப்பு வரும்: பேசிக்கொண்டிருக்கையில் ஒரு நிமிடம் விறைத்துப் பார்ப்பது, வாயைச் சப்புவது, பிறகு ஒன்றும் நடக்காதது போல் தொடர்வது. வீட்டில் கண்டால் டொக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம் அது.

சரி, டௌவும் அமிலாய்டும் எங்கே சந்திக்கின்றன? வயது போன பலரின் என்டோரைனல் புறணியில் டௌ கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், நோய் இல்லாமலேயே. அமிலாய்டும் சேர்ந்த மூளையில்தான் அது அங்கிருந்து வெளியே பரவுகிறது. பரவும்போது பக்கத்து இடத்துக்குப் போவதைவிட, தொடர்புள்ள இடத்துக்குப் போகிறது. ஹிப்போகாம்பஸோடு அதிகம் பேசுகிற பின் சிங்குலேட் போன்ற சந்திகள் அப்படித்தான் அகப்படுகின்றன. இவ்வளவும் வெளியே ஒரு அறிகுறியும் தெரியாமல் 15, 20 ஆண்டுகள் நடக்கும். எழுபத்தைந்தில் மறதி தெரிகிற ஒருவரின் மூளையில் அமிலாய்டு சேரத் தொடங்கியது, அவர் 2009இல் முள்ளிவாய்க்காலால் நடந்து வந்த காலத்தை ஒட்டியோ அதற்கு முன்போ இருக்கலாம். யுத்தம்தான் நோயைக் கொண்டுவந்தது என்று இதற்கு அர்த்தமில்லை. மறதி வெளியே வந்த நாள் நோய் தொடங்கிய நாள் அல்ல என்பதுதான் அர்த்தம்.

வழி தவறுவதற்கு வருவோம். என்டோரைனல் புறணியில் இடத்தை அளக்கிற அணுக்கள் இருப்பதை 2005இல் நோர்வேயைச் சேர்ந்த மோசர் தம்பதியர் கண்டார்கள். ஹிப்போகாம்பஸில் இடத்தை அடையாளம் காணும் அணுக்களை ஜோன் ஓகீஃப் 1971இலேயே கண்டிருந்தார். மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு. நோய் உட்காருகிற முதல் இடமே நாம் எங்கே நிற்கிறோம் என்று கணக்கு வைக்கிற இடம். மீள்குடியேற்றக் கிராமங்களில் இது இன்னும் சிக்கலாகிறது. வீட்டுத்திட்ட வீடுகள் ஏறக்குறைய ஒரே அச்சில், ஒரே மாதிரி வேலிக்குள், ஒரே மாதிரி ஒழுங்கைகளில் நிற்கின்றன. பழைய ஊரில் அடையாளம் சொன்ன ஆலமரமும் கேணியும் இல்லை. கடைக்குப் போன ஐயா மூன்றாவது வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போய், "தேத்தண்ணி வையுங்கோ" என்று கதிரையில் இருந்துவிடுகிறார். ஊர் சிரிக்கிறது. அது சிரிக்கிற விஷயமாக இருக்கலாம், ஒரு தடவை என்றால். திரும்பத் திரும்ப நடந்தால் கவனிக்க வேண்டிய முதல் அறிகுறிகளில் அதுவும் ஒன்று.

"வீட்டை போவம்" என்று வீட்டுக்குள் இருந்துகொண்டே கேட்பவர்களும் உண்டு. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வாழ்ந்த மனிதருக்கு வீடு எத்தனை! யாழ்ப்பாணத்திலிருந்து 1995இல் வந்து அக்கராயனில் கொட்டில் போட்டது, பிறகு விசுவமடு, பிறகு தறப்பாள், பிறகு செட்டிகுளம் மெனிக் பாம், பிறகு இந்தக் காணி. நோய் பின்னோக்கி அழிப்பதால், அவர் தேடுகிற வீடு நோய் கூடக் கூடப் பழையதாகிக்கொண்டே போகும். எந்த வீட்டைக் கேட்கிறார் என்று கேட்டால் நோய் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதற்கு ஒரு குறிப்புக் கிடைக்கும்.

இனி, யோசனை என்கிற பதிலைப் பார்ப்போம். இது வன்னியில் தட்டிக்கழிக்கக்கூடிய பதிலல்ல. மனச்சோர்வு ஞாபகத்தைக் கெடுக்கும், மனவடுவும் கெடுக்கும். இரண்டுக்கும் அல்சைமருக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ள அனுபவமுள்ள மருத்துவர்கள் சில விஷயங்களைப் பார்ப்பார்கள். மனச்சோர்வு உள்ளவர் தானே வந்து முறையிடுவார், "எனக்கு ஒண்டும் தலைக்குள்ள நிக்குதில்லை டொக்டர்" என்று. அல்சைமர் தொடங்கியவர் தனக்கு ஒன்றுமில்லை என்பார், மகள்தான் பின்னால் நின்று தலையசைப்பார். மனச்சோர்வில் ஒரு குறிப்பைக் கொடுத்தால் ஞாபகம் எழும்பிவிடும்: "அந்தப் பச்சைச் சேலை கட்டினவ வந்தவ" என்றால் "ஓமோம்" என்பார். அல்சைமரில் குறிப்புக் கொடுத்தும் வராது, ஏனென்றால் அது பதியவே இல்லை. ஆனால் இந்த இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருக்கலாம். அமெரிக்க முன்னாள் இராணுவத்தினரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஓர் ஆய்வில், மனவடு உள்ளவர்களுக்கு மறதி நோய் வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. சாதாரண சனத்துக்கு அப்படியே பொருத்திவிட முடியாதுதான். ஆனால் "யோசனைதான், நோயில்லை" என்று பிரித்துப் பேச முடியாது என்பதற்கு இது போதும்.

இன்னொன்று, எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாதது. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் தொடர்ந்து போராடி வருகிறார்கள். அவர்களில் முதிய தாய்மார் பலர். ஒரு வீட்டில் அம்மா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை "தம்பி வந்திட்டானோ?" என்று கேட்டால், உலகத்தில் வேறெங்கும் அது மறதி நோயின் அறிகுறி. இங்கே அது எத்தனையோ வருடமாக அந்த வீட்டில் கேட்கப்படுகிற கேள்வி. வேறுபாட்டைப் பிள்ளைகள்தான் கண்டுபிடிக்க வேண்டும்: முன்பு அம்மா அந்தக் கேள்வியோடு ஆணைக்குழுவுக்குப் போன திகதியையும் கொடுத்த கடிதத்தையும் சேர்த்துச் சொல்லுவார். இப்போது கேள்வி மட்டும் வருகிறதா, அல்லது தம்பி பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரத்தைக் கேட்கிறாரா? அதற்கு என்ன பதில் சொல்வது என்பதற்கு மருத்துவத்தில் நல்ல விடை கிடையாது. இறந்தவர் என்றால் பேச்சை மாற்றலாம், படத்தைக் காட்டலாம். காணாமல் போனவருக்கு வீட்டாருக்கே பதில் இல்லை.

பரிசோதனைக்குப் போனால் கேள்விகள் வரும். 1975இலிருந்து பயன்படுகிற 30 புள்ளி அறிவாற்றல் பரிசோதனையின் சாயலில்தான் பெரும்பாலும் இருக்கும்: இன்று என்ன திகதி, இது எந்த மாவட்டம், மூன்று சொற்களை நினைவில் வையுங்கள், நூறிலிருந்து ஏழேழாகக் கழியுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவருக்கு இது ஞாபகப் பரிசோதனை இல்லை, கணக்குப் பரீட்சை. திகதி தெரியாவிட்டாலும் காலபோக நெல் எந்த நிலையில் நிற்கிறது என்று சொல்லுகிறவருக்குக் கால உணர்வு இருக்கிறது. மாவட்டக் கேள்வியிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1984 வரை கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்தில்தான் இருந்தது. ஆகவே பரந்தனில் பிறந்த ஐயா "யாழ்ப்பாணம்" என்று சொன்னால் உடனே பிழை போட முன் கொஞ்சம் யோசிக்கலாம். புள்ளியைவிட முக்கியமானது வீட்டாரின் சாட்சி: ஒரு வருடத்துக்கு முன் செய்த எதை இப்போது செய்ய முடியவில்லை? குளிசையை இரண்டு தடவை போடுகிறாரா? கடையில் மீதிக்காசு பிழைக்கிறதா? கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இதைத் திகதியோடு எழுதிக்கொண்டு போனால் டொக்டருக்குப் பாதி வேலை முடிந்தது.

ஸ்கான் விஷயத்தில் வன்னிக்கென்று ஒரு தடை உண்டு. எம்.ஆர்.ஐ. இயந்திரம் பெரிய காந்தம். உள்ளே போகுமுன் உடம்பில் உலோகம் இருக்கிறதா என்று கேட்பார்கள். இங்கே எத்தனை பேரின் தோளிலும் இடுப்பிலும் எறிகணைத் துண்டு இன்னும் கிடக்கிறது! "பீஸ் இருக்கு, எடுக்கேலாது எண்டு விட்டவை" என்பார்கள் சாதாரணமாக. இரும்பு கலந்த துண்டு காந்தத்தில் அசையலாம், சூடேறலாம். கண்ணுக்குப் பின்னாலோ முள்ளந்தண்டுக்குக் கிட்டவோ இருந்தால் ஆபத்து. ஆகவே இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மறதியுள்ளவருக்குத் தன் உடம்பில் துண்டு இருப்பதே நினைவில்லாமல் போகலாம் என்பதால் வீட்டார் சொல்ல வேண்டும். அப்போது முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள், அல்லது சி.ரி. ஸ்கானோடு நிறுத்திக்கொள்வார்கள். வலையமைப்பின் ஒத்தியக்கத்தைக் காட்டுகிற செயற்பாட்டு ஸ்கான் ஆராய்ச்சிக் கருவிதான். ஒரு தனி ஆளுக்கு அல்சைமர் இருக்கிறதா என்று சொல்ல அதை வழக்கமாகப் பயன்படுத்துவதில்லை. எனவே அது கிடைக்கவில்லை என்று யாரும் கவலைப்படத் தேவையில்லை.

முதலில் பார்க்க வேண்டியது, திருத்தக்கூடிய மறதியா என்பதை. தைரொயிட் குறைவு, விற்றமின் பி12 குறைவு இரண்டும் இரத்தப் பரிசோதனையில் தெரியும். சீனி வருத்தத்துக்குப் பல வருடம் மெட்ஃபோர்மின் எடுப்பவர்களுக்குப் பி12 குறையலாம். கிணற்றடியில் வழுக்கி விழுந்து சில வாரம் கழித்து மாறாட்டம் வந்தால் மண்டைக்குள் இரத்தம் கசிந்து தேங்கியிருக்கலாம், சி.ரி.யில் தெரியும், சத்திரசிகிச்சையில் தீரும். பிறகு, பிரிட்டோன். தடிமனுக்கும் கடிக்கும் நித்திரைக்கும் என்று வீட்டில் எப்போதும் கிடக்கிற அந்த மஞ்சள் குளிசை, ஞாபகத்துக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற மூளை இரசாயனத்தின் வேலையைத் தடுக்கிறது. வயது போனவருக்கு நாளாந்தம் கொடுக்கக் கூடாத மருந்துகளில் அதுவும் ஒன்று. அல்சைமருக்கு எழுதுகிற டொனெபெசில் செய்வது இதற்கு நேர்மாறான வேலை: இருக்கிற அசிட்டைல்கோலினைக் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்க வைக்கிறது. நோயை நிறுத்தாது, சிலருக்குக் கொஞ்சக் காலம் தெளிவு தரும். ஒரு கையால் டொனெபெசிலும் மறுகையால் பிரிட்டோனும் கொடுப்பது வீண்வேலை.

புதிய மருந்துகள் பற்றியும் கேட்பார்கள், வெளிநாட்டுப் பிள்ளைகள் போனில் சொல்லியிருப்பார்கள். லெக்கனெமாப் 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றது, டொனனெமாப் 2024இல். இரண்டும் அமிலாய்டை அகற்றுபவை. லெக்கனெமாப் பரிசோதனையில் 18 மாதத்தில் சரிவின் வேகம் 27 வீதம் குறைந்தது. 18 புள்ளி அளவுகோலில் அது அரைப் புள்ளிக்கும் குறைவான வித்தியாசம். தொடக்கநிலையில் உள்ளவர்களுக்கு மட்டும்தான். மூளை வீக்கமும் கசிவும் வரலாம் என்பதால் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். உடம்பில் பீஸ் உள்ளவருக்கு அந்த வழி அநேகமாக அடைபட்டதுதான். தொடர்பு போன சந்தியை எந்த மருந்தும் திருப்பிக் கட்டித் தருவதில்லை.

2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு, மாற்றக்கூடிய 14 காரணிகளைக் கையாண்டால் உலகின் மறதி நோயில் 45 வீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று கணக்கிட்டது. பிரஷர், சீனி, கொழுப்பு, புகைத்தல் எல்லாம் தெரிந்தவையே. அந்தப் பட்டியலில் என் கண்ணில் பட்டவை வேறு: சிறுவயதுக் கல்வியின்மை, தலைக்காயம், மனச்சோர்வு, தனிமை, காது கேளாமை. யாரோ வன்னியைப் பார்த்து எழுதியது போல இருக்கிறது. குண்டுச் சத்தத்தில் காது போனவர்கள் இங்கே ஐம்பது வயதிலேயே இருக்கிறார்கள். காது கேளாதவர் கதைப்பதைக் குறைக்கிறார், கதை குறைந்தால் மூளைக்கு வேலை குறைகிறது. காது கேட்கும் கருவி ஒன்று, இருக்கிற மருந்து பலவற்றைவிட நல்ல முதலீடு என்று நான் நினைக்கிறேன். கல்வியும் அப்படித்தான்: படித்தவரின் மூளையில் சுற்றுவழிகள் கூடுதல், ஆகவே அதே அளவு பழுதோடு இன்னும் சில வருடம் சமாளிக்கிறது.

தொடக்கத்திலேயே கண்டுபிடிப்பதால் என்ன பயன், மருந்தே இல்லையே என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வன்னியில் பெரும்பாலான காணி, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அதற்குப் பின்னுரிமையாளரை நியமிக்க வேண்டும், அதை நியமிக்க வேண்டியவர் காணிக்காரரே. மூலப் பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்திருக்கும். எல்லைக்கல் எங்கே இருந்தது, பக்கத்துக் காணி யாருடையது, எந்த ஆண்டு யார் அளந்தது என்பது அந்த ஐயாவின் தலையில்தான் இருக்கிறது. பழைய ஞாபகம் என்பதால் அது தொடக்கநிலையில் இன்னும் பத்திரமாக இருக்கும். விளங்கிக் கையெழுத்து வைக்கிற திறனும் அப்போது இருக்கும், இரண்டு மூன்று வருடத்தில் இராது. மறதி தெரிந்ததும் ஒரு கொப்பியை எடுத்து அவர் சொல்வதை எழுதி, கிராம சேவையாளரைக் கண்டு, பிரதேச செயலகத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது. காலையில் போங்கள். பின்னேரம் களைத்துவிட்டால் அவருக்குத் தெளிவு குறையும்.